பழைய நம்பரைக் காட்டாதே

நான் செய்கிற வேலையை என் மாமியாருக்கு இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல எழுதறாரு" என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். எழுதுகிறேன்தான். ஆனால் நான் எழுதுவதை கம்ப்யூட்டர் படிப்பதில்லை.

கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகளுக்குக் கோடு என்று பெயர். அந்தக் கோடுக்கு நடுவே, 'இந்த இடத்தில் இன்னது நடக்கிறது' என்று மனிதர்களுக்காகப் போட்டு வைக்கிற குறிப்புக்கு கமென்ட் என்று பெயர். மெஷின் அதைப் பார்த்தால் தாண்டிக்கொண்டு போய்விடும். மனிதர்களும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு தரப்பும் படிக்காத ஒன்றை எழுதிப் பிழைக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஆபீசில் எனக்குக் கமென்ட் கவிஞர் என்று பட்டமே உண்டு. கிண்டல்தான். நான் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் என்பது தட்டாஞ்சாவடியில் ஒரு கிரில் பட்டறையின் மாடி. கீழே வெல்டிங் பொறி பறக்கும். மேலே நாங்கள் மூன்று பேர் சின்னச் சின்ன கன்ட்ரோல் பெட்டிகள் செய்துகொண்டிருப்போம். முதலாளியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் பிள்ளைக்கு விட்டுப்போன பிரெஞ்சு, 'சரி, அப்போ' என்று அர்த்தமாகிற 'அலோர்' என்கிற ஒரே ஒரு வார்த்தை. முதலாளி எந்த உத்தரவையும் அதில்தான் ஆரம்பிப்பார். பின்னாடியே வேலை வரும்.

மூன்றாவது ஆள் என் நண்பன். கோடு முழுக்க அவன் கை. அபாரமான மூளை. ஆனால் ஒரு வரி இங்கிலீஷ் எழுதச் சொன்னால், பல்லைப் பிடுங்க உட்கார வைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். "கோடே பேசுது மச்சி, அதுக்கு எதுக்கு டப்பிங்?" என்பான். கஸ்டமர்களோ கமென்ட் இல்லாத கோடை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். கோடு அவன் எழுதுவான், கமென்ட் நான் எழுதுவேன். எனக்கு நல்ல இங்கிலீஷ் வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது. நானும் அதைக் கெடுக்க முயற்சி செய்யவில்லை.

இந்த ஏற்பாடு நடந்தது எல்லாம் டீக்கடையில். அவன் சமோசாவைப் பிட்டுக்கொண்டே, இது என்ன செய்கிறது, அது ஏன் காத்திருக்கிறது என்று சொல்வான். நான் மொபைலில் குறித்துக்கொள்வேன். மாடிக்கு வந்து, நல்ல இங்கிலீஷாக மாற்றி அந்தந்த இடத்துக்கு மேலே ஒட்டிவிடுவேன். கோடைத் திறப்பேனே தவிர, இறங்கிப் படிக்க மாட்டேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழையாமல், வெளியே வருகிறவர்களைக் கேட்டே பந்தியைப் பற்றி எழுதுகிற நிருபர் மாதிரி.

அப்படி எழுதின ஒரு கமென்ட் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஐஸ் பேக்டரியில் தண்ணீரை உறைய வைக்க அமோனியா ஓடும். குழாய்க்குள் இருக்கிறவரை அது சாது. வெளியே வந்தால் கண், தொண்டை, நுரையீரல் எதையும் விடாது. மூடின ரூமில் அதிகமாக வந்துவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டான். பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு ஐஸ் பேக்டரிக்கு நாங்கள் ஒரு பெட்டி செய்து கொடுத்தோம். கம்ப்ரசர் ரூமுக்குள் ஒரு சென்சார். அது காற்றில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்று பார்த்து, சீரியல் கேபிள் வழியாக, கதவுக்கு வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்கு நம்பர் அனுப்பும். சீரியல் என்றால் ஒற்றையடிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகத்தான் நடந்து வர முடியும். பாதை முடிகிற இடத்தில் நின்று, வருகிறவர்களைச் சரிபார்த்து உள்ளே விடுகிற வாட்ச்மேன்தான் டிரைவர் என்கிற ப்ரோக்ராம். டிரைவரை எழுதினது நண்பன். அது கொடுக்கிற நம்பரை வாங்கிச் சுவரில் காட்டுகிற டிஸ்ப்ளே ப்ரோக்ராம் மட்டும் நான் எழுதினது. கமென்ட் தவிர நான் எழுதின ஒரே உருப்படி.

எழுத்து வழியில் அடிபட்டு வந்தாலோ, வராமலே போனாலோ என்ன ஆகும் என்று டீக்கடையில் கேட்டேன். நண்பன் சொன்னதை வைத்து நான் எழுதின கமென்ட், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'பழைய நம்பரைக் காட்டாதே. பழுது என்று மேலே சொல்.' எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். மேலே என்றால் என் டிஸ்ப்ளே ப்ரோக்ராம்தான்; அதை நம்பி அதில் ஒரு ஏற்பாடும் செய்தேன். பழுது என்று தகவல் வந்தால் நம்பர் போய் வெறும் கிடைக்கோடுகள் தெரியும், பஸ்ஸர் அலறும்.

பெட்டியை மாட்டப் போனது நண்பன். திரும்பி வந்து, "ஓடுது மச்சி, சூப்பர்" என்றான். அத்தோடு நான் அதை மறந்துவிட்டேன்.

பல மாதம் கழித்து, நண்பன் குழந்தைக்கு மொட்டை போட மயிலம் கோயிலுக்குப் போயிருந்த அன்றைக்கு, முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அலோர். ஐஸ் பேக்டரியில நம்பர் சின்னதா இருக்காம். ஆபரேட்டருக்குக் கண்ணு தெரியல. பெருசு பண்ணிக் குடுத்துட்டு வா."

"அவன் வந்ததும் போகட்டும் சார். எனக்கு சளி."

"கமென்ட் பூரா நீதானே எழுதின? உனக்குத் தெரியாததா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் என் உத்தியோகமே ஆடிப்போகும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பேக்டரியில் ஆபரேட்டர் அண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயதிருக்கும். காக்கி கால்சட்டை, மேலே பனியன். அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது. எனக்கு ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம்.

"வா சார். இன்னா, மூக்கு மொளகாப்பழம் மாதிரி கீது?"

"சளிண்ணே. ஒரு வாசனையும் தெரியல."

"நல்லதாப் போச்சு. மீன் நாத்தம் தெரியாம வேலையப் பாரு."

ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்கா என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, "ஊட்டிக்கு வழி தெரியாம இங்க வந்துட்டாரு போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாளில் நான் தைரியமாகச் செய்த கடைசிக் காரியம் அது.

பெட்டி கம்ப்ரசர் ரூம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஆயுத பூசைக்குப் பூசின சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. நடுவில் சிவப்பாக 3.

"எப்பவும் மூணுதான் சார்," என்றார் அண்ணன், சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற மாதிரி. "கம்ப்ரசர் ஓடினாலும் மூணு, ஓடாட்டியும் மூணு. தங்கமான பெட்டி."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

"நீ நம்பரைப் பெருசு பண்ணிக்கினு இரு. நான் உள்ள போயி ஆயில் எடுத்துட்டு வந்துடறேன்."

கம்ப்ரசரில் போடுகிற ஆயில் அமோனியாவோடு கலந்து போய் டேங்கின் அடியில் தங்கிவிடும். அதை அவ்வப்போது வால்வைத் திறந்து பக்கெட்டில் இறக்க வேண்டும். ஆயில் தீர்ந்ததும் அதே வழியில் அமோனியா வரும். அதற்குள் மூடிவிட வேண்டும். ஐஸ் பேக்டரியில் இதைவிடப் பயங்கரமான வேலை கிடையாது என்று பிறகு அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாஸ்க் தொங்கியது. அதன் மேல் அவருடைய சாப்பாட்டுப் பை. அண்ணன் மாஸ்க்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மாஸ்க்கை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். முன்பெல்லாம் மூக்கை வைத்துத்தான் முடிவு செய்வாராம். 'மூக்கு பழகிப்போயிடும், நம்பர் பழகாது, இருபத்தஞ்சு தாண்டாம இருந்தா தைரியமாப் போங்க' என்று பெட்டி மாட்டின அன்றைக்கு நண்பன் பாடம் நடத்தியிருந்தான்.

ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எழுத்தைப் பெரிசாக்கினால் மூன்று இலக்கம் திரையில் கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். டிரைவர் எத்தனை இலக்கம் அனுப்புகிறது? டிரைவர் கோடைத் திறந்தேன். என் கமென்ட் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. 'பழைய நம்பரைக் காட்டாதே. பழுது என்று மேலே சொல்.' நல்லா எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாக, அதற்குக் கீழே இருந்த கோடைப் படித்தேன்.

பிழை வந்தால், கடைசியாக வந்த நல்ல நம்பரைத் திருப்பிக் கொடு என்று இருந்தது.

மறுபடியும் படித்தேன். பழுது என்று மேலே சொல்கிற வரியும் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு வைத்திருந்தான். சாய்கோடு போட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காது. வேலை செய்ய வேண்டிய கோடு கமென்ட் ஆகிக் கிடந்தது. மேலே என் கமென்ட், கீழே இது நேர் எதிராக.

முதலில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கமென்ட் சரியாகத்தான் இருக்கும், கோடுதான் தப்பாகத் தெரிகிறது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நம் எழுத்து மீது அவ்வளவு நம்பிக்கை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி நம்பரைப் பார்த்தேன். 3. பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்ப்ரசர் ஓடுகிறது, உள்ளே ஒருத்தர் ஆயில் இறக்குகிறார், நம்பர் இமைக்கக்கூட இல்லை. எப்பவும் மூணுதான் சார்.

எழுந்து போய், பெட்டிக்குக் கீழே இருந்த சீரியல் கேபிளைப் பிடித்தேன். பிடுங்கினால் நம்பர் மறைந்து கிடைக்கோடுகள் வர வேண்டும், பஸ்ஸர் அலற வேண்டும். அலறிவிடு, அலறிவிடு என்று வேண்டிக்கொண்டே பிடுங்கினேன்.

3.

கேபிள் என் கையில் இருக்கிறது. பெட்டிக்கும் ரூமுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெட்டி நெற்றியில் குங்குமத்தோடு, நிதானமாக, மூணு என்கிறது. செத்துப்போனவருடைய போனிலிருந்து 'சாப்பிட்டாச்சா' என்று மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

நண்பனுக்கு போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"மச்சி, கொழந்தைக்கு மொட்டை முடிஞ்சுது. இப்ப எனக்கு நடக்குது. பாதித் தலை போயிருக்கு. அப்பறம் பேசட்டா?"

"டேய், ஐஸ் பேக்டரி டிரைவர்ல பழுதுன்னு சொல்ற வரிய எதுக்குடா தூங்க வெச்ச?"

"ஓ அதுவா? கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனா கேபிள்ல நாய்ஸ் வந்து எழுத்தெல்லாம் அடிபட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸர் கத்திச்சு. அந்த ஓனர் என் காதுல வந்து கத்தினாரு. டெம்பரவரியா நிறுத்தினேன்டா. அப்பறம் சரி பண்ணலாம்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல? கமென்ட் அப்படியே இருக்கே!"

"நீ கேக்கவே இல்லையே. சரி, கேபிளை ஒரு தடவை புடுங்கிப் பாரு."

"புடுங்கித்தான் கையில வெச்சிருக்கேன். மூணு காட்டுது."

அவன் சடாரென்று எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணன் எங்க?" குரல் மாறியிருந்தது.

"உள்ள. ஆயில் எடுக்கறாரு. மாஸ்க் போடல."

"உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

"எனக்கு சளிடா."

"ஓடுடா, அவரை வெளிய இழு!" என்று கத்தினான். பாதி மொட்டையோடு நின்று அவன் போட்ட கத்தலில் அங்கே மேளமே நின்றுபோயிருக்கும்.

நான் ஓடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கால் வரவில்லை. கதவு நாலைந்து எட்டில் இருந்தது. லிஃப்டில் தனியாகப் போகப் பயப்படுகிறவன் நான். ஊசி போடும்போது நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்கிறவன். கதவைத் திறந்தால் என்ன வருமோ, அண்ணன் எப்படிக் கிடக்கிறாரோ. ஒரு கணம், வெளியே போய் யாரையாவது கூப்பிடலாமே என்று தோன்றியது. அது நல்ல யோசனை மாதிரியே இருந்தது. தப்பி ஓடுவதற்கு நாம் கண்டுபிடிக்கிற எல்லா யோசனையும் அப்படித்தான் இருக்கும். எப்படிக் கதவைப் பிடித்து இழுத்தேன் என்று தெரியவில்லை. கையிலிருந்த கேபிளைக் கீழே விட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூக்குக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்த மாதிரி ஒரு எரிச்சல். தண்ணீர் கொட்டியது. உள்ளே மங்கலாக, டேங்குக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். பக்கெட்டில் ஹோஸ். இருமிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவர் பனியனைப் பின்னால் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், இன்னா பண்ற நீ!"

பனியன் கிழிந்தது. திட்டிக்கொண்டே என்னோடு பின்பக்கமாக வந்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினதும் சுவரில் சாய்ந்து இருமினார், இருமினார், நிற்கவே இல்லை. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. ஊட்டி அக்கா ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்து அவர் முகத்தில் ஊற்றினாள். மிச்சத்தை என் தலையில் கொட்டினாள். மற்றவர்கள் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டார்கள்.

"ஆயில் எடுக்கும்போது கொஞ்சம் வரத்தான் செய்யும் சார்," என்றார், இருமலுக்கு நடுவே. எனக்கு ஆறுதல் சொல்கிறார். "பயந்துட்டியா? பெட்டியப் பாரு, மூணுதான் கீது."

பெட்டிக்குக் கீழே தொங்கின கேபிளை நான் தூக்கிக் காட்டினேன்.

அவர் கேபிளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கேபிளைப் பார்த்தார். புரிந்தது. அந்த முகத்தை நான் எழுத முயற்சி செய்யப் போவதில்லை.

"அப்ப இவ்ளோ நாளா நான் உள்ள போனது?"

தெரியாது. கேபிள் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. போன வாரமாக இருக்கலாம். மாட்டின மறுநாளாகக்கூட இருக்கலாம். அவர் எத்தனை தடவை மாஸ்க்கை ஆணியிலேயே விட்டுவிட்டு அந்த மூணை நம்பி உள்ளே போயிருப்பார் என்று நினைத்ததும் எனக்குக் கீழே உட்கார வேண்டும் போலிருந்தது.

அவர் உட்காரவில்லை. "வால்வு தொறந்து கெடக்கு. கம்ப்ரசரை நிறுத்திட்டு வால்வை மூடணும். இல்லன்னா ஊருக்கே போயிடும்" என்றபடி முகத்தை இன்னொரு தடவை கழுவிக்கொண்டு மாஸ்க்கை எடுத்தார்.

"வேணாம்ணே. தீயணைப்பைக் கூப்பிடலாம்."

"அக்கா போன் போட்டுக்கினுதான் கீது. அவங்க வர்றதுக்குள்ள ரூம் நெறஞ்சிடும். நீ கதவைத் தொறந்து புடி. அண்ணான்னு கத்து. நான் ஸ்பேனரால குழாயத் தட்டறேன். தட்டற சத்தம் வரலன்னா உள்ள வராத. தீயணைப்புக்காரன்கிட்ட சொல்லு."

"உள்ள வராம எப்பிடிண்ணே?"

"நீ வந்தா ரெண்டு பேரைத் தூக்கணும்."

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனார். நான் அக்கா எறிந்த ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, கதவை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் காற்றடிக்கிற திசைக்குத் திருப்பிக்கொண்டு கத்தினேன். "அண்ணே!"

டங்.

"அண்ணே!"

டங்.

கம்ப்ரசர் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"அண்ணே!"

டங், கொஞ்சம் தாமதமாக.

"அண்ணே!"

ஒன்றும் வரவில்லை.

இப்போதுதான் தட்டினார், நன்றாகத்தான் இருப்பார் என்று மனசு உடனே சொன்னது. எவ்வளவு சுலபமாகச் சொன்னது! அந்த டங் சத்தத்தைக் காதிலேயே வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அது பழைய டங். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அது சொல்லாது. என் நண்பனின் டிரைவர் எழுதப்பட்டபடிதான் என் மூளையும் எழுதப்பட்டிருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"அண்ணே! அண்ணே! யோவ் அண்ணே!" தொண்டை கிழிந்தது.

டங் டங் டங் என்று கோபமாக மூன்று தட்டு. அடுத்து அவரே வந்துவிட்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "ரெண்டு கையாலயும் வால்வப் புடிச்சாத்தான்யா மூட முடியும், எந்தக் கையால தட்டறது?" என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கிழிந்த பனியன், ஆயில் வாடை இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. பார்த்தார்கள், ரூமைத் திறந்து போட்டுக் காற்று விட்டார்கள், எங்கள் எல்லாரையும் கண்டபடி திட்டினார்கள். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலமே சொட்டு மருந்தோடு திரும்பி வந்துவிட்டார்.

நான் ரோட்டோரத்தில் ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிரைவரைத் திருத்தினேன். நண்பன் போனில் சொன்னான்: கம்ப்ரசர் நாய்ஸுக்காக ஒன்றிரண்டு தடவை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கும் மேல் பிழை வந்தால் பழுது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் சொன்னதை அப்படியே கமென்ட்டாக எழுதக் கை போனது. நிறுத்தினேன். முதலில் கோடை எழுதி, பெட்டிக்குப் போய் ஏற்றி ஓட்டி, கேபிள் இல்லாமல் பஸ்ஸர் அலறினதைக் காதால் கேட்டு, அப்புறம் அதைப் பார்த்துக் கமென்ட் எழுதினேன். இங்கிலீஷ் சுமார்தான்.

கேபிளைத் திரும்பச் சொருகியும் பஸ்ஸர் நிற்கவில்லை. கேபிள் உண்மையிலேயே செத்திருந்தது. சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில் உப்புக்காற்று தின்று, செம்பு பச்சையாகப் பொடிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து பேக்டரி ஓனர் வந்தார்.

"இன்னாய்யா சத்தம் இது? அன்னிக்கும் இப்டித்தான் கத்திச்சு. அந்தத் தம்பி தட்டி நிறுத்திக் குடுத்துது. நீயும் நிறுத்து."

ஓனரைப் பார்த்தால் எனக்குப் பயம். ஓனர் என்று யாரைப் பார்த்தாலும் பயம். ஆனால் அன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்ததால், இதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

"நிறுத்த முடியாதுங்க," என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. "புதுக் கேபிள் போட்டா தானா நிக்கும்."

"உங்க மொதலாளிகிட்ட பேசிக்கறேன்."

"பேசுங்க. அவரு அலோர்னு சொல்லுவாரு. அப்பறமும் நிறுத்த முடியாதுங்க."

ஓனர் முறைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். புதுக் கேபிளை இழுத்துச் சொருகும்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது. பஸ்ஸர் நின்றது. பெட்டியில் 14 என்று வந்தது. பிறகு 12. பிறகு 13. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நம்பர் ஆடுவதைப் பார்த்துக் கண் கலங்கினவன் உலகத்திலேயே நான்தான். அமோனியாதான் காரணம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நண்பன் மொட்டைத் தலையோடு ஆபீசுக்கு வந்தான். டீக்கடைக்குப் போகாமல், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் பெட்டிகள் எல்லாவற்றின் டிரைவரையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். நான் கமென்ட்டை வாசிப்பேன். அவன் கீழே இருக்கிற கோடை வாசிப்பான். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் வந்துகொண்டே இருந்தன. காத்திருப்பதாக எழுதியிருந்த இடத்தில் காத்திருக்கவில்லை. சரிபார்ப்பதாகச் சொன்ன இடத்தில் சரிபார்க்கவில்லை. பாய்லர் பெட்டியில் ஒன்றைப் பார்த்ததும் அவன் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டான். அதிர்ஷ்டவசமாக அந்த பாய்லர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

"இதுல ஒண்ணுகூட நீ பொய் எழுதல மச்சி," என்றான் திரும்பி வந்து. "எழுதினப்ப எல்லாம் நெஜம்."

அதுதான் பயமாக இருந்தது.

இப்போது ஏற்பாடு மாறிவிட்டது. கோடை மாற்றினால் கமென்ட்டையும் அதே கையோடு மாற்ற வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். முதலாளி இதனால் வேலை மெதுவாகிறது என்று அலோர் அலோர் என்று புலம்புகிறார். புலம்பட்டும்.

ஆபரேட்டர் அண்ணனும் மாறிவிட்டார், வேறு மாதிரி. பெட்டியை அவர் நம்புவதில்லை. ஆயில் எடுக்கிற நாளெல்லாம் எனக்குப் போன் வரும்.

"சார், ஒம்போது காட்டுது. போவட்டா?"

"நம்பர் ஆடுதாண்ணே?"

"எட்டு, ஒம்போதுன்னு ஆடுது."

"கேபிளைப் புடுங்கினீங்களா?"

"புடுங்கினேன். கத்திச்சு. திருப்பிச் சொருகிட்டேன்."

"மாஸ்க்?"

"மாட்டிக்கினுதான் பேசறேன், கேக்கல?"

கேட்கிறது. குகைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. இதில் எனக்கு என்ன அதிகாரம், நான் யார் போகச் சொல்வதற்கு? எத்தனையோ தடவை அதைச் சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்லு சார், நான் போறேன்" என்பார்.

"சரிண்ணே, போங்க. போனை வெக்காதீங்க. கால்சட்டை ஜோபியிலேயே இருக்கட்டும்."

கீழே பட்டறையில் கிரைண்டர் ஓடும். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை அழுத்திக்கொண்டு, அவர் வெளியே வந்து இருமுகிறவரை வேறு எந்த வேலையும் பார்ப்பதில்லை.